பட்டையில் ஏறாத தண்ணீர்

ஜப்பான்காரன் வந்து இரண்டாம் வருடம். மலாயாவில் பெக்கோக் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டு நின்றுபோய், மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்குதான். பக்கத்து வீட்டுச் சின்னத்தம்பிக்கு மட்டும் கொல்லையில் ஒரு பலாமரம். என் ஐந்து வயது மகள் ஐலீன் பொழுது விடிந்தால் அங்கேதான் கிடப்பாள்.

அவன் பலாக்கொட்டை சுட்டுக் கொடுப்பான், தோளில் தூக்கித் திரிவான். "நான் மாமா வீட்லயே இருந்துக்கவாப்பா?" என்று ஒருநாள் கேட்டாள். பெற்றவன் நான் இருக்க, ஒரு மரத்தை வைத்துக்கொண்டு இவன் என் பிள்ளையைப் பறிக்கிறானே!

சின்னத்தம்பி அரிசிக்கு வரிசையில் நிற்க டவுனுக்குப் போன காலையில், பால் வெட்டும் கத்தியோடு போனேன். பதினைந்து வருடம் ரப்பர் மரத்தோடு பழகியவன் நான். மரத்தில் எது ஓடினாலும் பட்டைக்குள்தான் ஓடும் என்பது என் நினைப்பு. அடிமரத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை உரித்தேன். தண்ணீர் ஏறாமல் ஒரு வாரத்தில் இலை வாடிவிடும் என்று மண்ணைப் பூசி மறைத்துவிட்டு வந்தேன்.

வாடவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் பார்த்தேன். ஓர் இலைகூடத் தொங்கவில்லை. பிஞ்சுகளோ என்றுமில்லாத அளவுக்குப் பெருத்தன. ஐலீன் சாப்பிடக்கூட வீட்டுக்கு வருவதில்லை. அவனுக்கு மட்டும் ஏன் என்று ஞாயிற்றுக்கிழமை செபத்தில் ஆண்டவரிடமே சண்டை போட்டேன்.

பழுத்ததும் சின்னத்தம்பி இருப்பதிலேயே பெரிய பழத்தைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தான். பின்னாலேயே ஐலீன்.

"மரியநாதண்ணே, மரத்துல இருக்கறது இடது கை வெட்டு. இந்த லயத்து வீடுகள்ல அது உங்களுக்குத்தான்," என்றான் தாழ்ந்த குரலில்.

இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"நான் ஒட்டுக்கன்னு கட்டினவன். தண்ணி பட்டையில ஏறாதுண்ணே, உள்மரத்துல ஏறும். இலை செய்யற சாப்பாடுதான் பட்டை வழியா வேருக்கு இறங்கும். நீங்க வழிய அடைச்சதுல எல்லாம் பழத்துக்குப் போச்சு. வேரு பட்டினி. அடுத்த வருசம் மரம் இருக்காது."

பிறகு ஐலீன் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னான்: "பாரு, உங்கப்பா வெட்டிவிட்டதாலதான் பழம் இவ்ளோ பெருசு!"

"அப்பாவா?" என்று கத்திக்கொண்டே ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். இத்தனை மாதம் நான் ஏங்கியது இதற்குத்தான். அவள் தலையைத் தொட எனக்குக் கை எழவில்லை.