பச்சையில் எழுதிய குறை

வேங்கிக்காலில் அருணாதேவி வாங்க நினைத்த வீடு பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போய்விட்டு வரும். விற்கிறவரும் சொல்லவில்லை, புரோக்கரும் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்ததைத் தனியாக வேறு சொல்லணுமா என்று இருந்துவிட்டார்கள். கல்யாணம் ஆன நாளாக வாடகை வீடு வாடகை வீடாகச் சட்டிபானை தூக்கி அலுத்தவள் அவள். மராமத்து, மகளுக்குப் பிரசவம் என்று ஏதாவது சாக்குச் சொல்லி ஓனர்கள் காலி பண்ணச் சொல்வார்கள். இனி அசையாத வீடு ஒன்று போதும் என்றிருந்தாள். ஏமாந்துவிடக் கூடாதென்று, வீட்டைச் சோதித்துச் சொல்லும் இன்ஜினியர் செழியனைக் கூப்பிட்டதும் அவள்தான்.

செழியன் கொடுத்த ரிப்போர்ட் தலையணை உயரம். சிவப்பு என்றால் பெரிய குறை, பச்சை என்றால் கவலை வேண்டாம் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தான். கிழக்குச் சுவரில் ஓதம், சிவப்பு. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், கட்டடம் மாதம் ஒருமுறை மலையைச் சுற்றிவிட்டு அஸ்திவாரத்தில் வந்து அமர்கிறது, பச்சை. அருணாதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் கோதண்டராமனிடம் காட்டினால், அந்த மனுஷன் பக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு காபி கேட்டார். இந்த ஆளிடம் போய்க் காட்டினேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பௌர்ணமி சாயங்காலம் செழியனை அங்கே வரவழைத்தாள். நிலா தலைகாட்டியதும் வீடு எழுந்து, ஆட்டோக்களுக்கு வழிவிட்டு ரோட்டோரமாக நடந்தது. காலி மனையில் அறுந்த குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது.

“நடக்கறது குறை இல்லீங்க மேடம். குழாயைப் பிச்சிக்கினு நடக்குது பாருங்க, அதான் குறை. ஓதமே அதாலதான்.”

“இது ரெண்டையும் ஒண்ணா எழுதித் தொலைச்சிருக்கலாமே தம்பி?”

“கிரிவலம் போறதைப் போய் சிவப்புல எழுதச் சொல்றீங்களா?”

அவளுக்கு எரிச்சல்தான் ஜாஸ்தியானது. வேண்டாம் என்று சொல்லிவிடும் முடிவோடு காலையில் மறுபடி போனாள். வீடு இருந்த இடத்திலேயே, நூல் பிடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. நிலைப்படியில் யாரோ விபூதி பூசி அனுப்பியிருந்தார்கள். இத்தனை வீடு மாறியிருக்கிறாள், அவளைத் தேடி ஒரு வீடும் திரும்பி வந்ததில்லை. அந்த மாதமே பத்திரம் பதிந்தாள்.

இப்போது சுவர் காய்ந்துவிட்டது. பௌர்ணமி மத்தியானம் குழாயைக் கழற்றிவிட்டு, பாத்திரங்களைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சிடுசிடுப்பாள்.

“வழியில நின்னு வேடிக்கை பார்க்காம வந்து சேரு. காலையில இட்லி ஊத்தணும்.”