முப்பது நானோமீட்டர்

“ஏம்மா ஜூடி, உனுக்கு வாய்னு ஒண்ணு கீதா இல்லியா?” என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி உபைதுல்லா பாய் கேட்டார், இருக்கிறது பாய், நோட்டுக்குள் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை, பத்தாவதில் பாதியில் நின்றவள் என்னவென்று சொல்வாள், இப்போதுகூட, நீங்கள் பூசச் சொல்லும் அலுமினியம் கனம் அதிகம் என்றா? கேமராவை லேசரிலிருந்து காப்பாற்ற நான் பூசிய கண்ணாடி சோதனை மேசையில் ஏறிவிட்டது, எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி போகிறது, ஷெட்டின் தகரம் அதிர்கிறது. “நூறு நானோமீட்டர் கெட்டியா போடும்மா, லேசர் அடிச்சா தாங்கணும்ல” என்று பாய் சொல்லியிருந்தார், நான் முப்பதிலேயே நிறுத்திவிட்டு கண்ணாடியோடு போகும் அட்டையில் நூறு என்று எழுதினேன், பொய்தான், ஆனால் போன மாதம் கெட்டியாகப் பூசிய இரண்டு கண்ணாடிகளும் என்ன செய்தன? நன்றாகத் தாங்கின, தாங்கி, வந்த லேசரை அப்படியே கேமராவுக்குத் திருப்பிவிட்டன, இரண்டு கேமராவும் செத்தன... கண்ணாடி பிழைக்கவா பூசுகிறோம்? மெல்லிய பூச்சு சாதாரண வெளிச்சத்தைக் கேமராவுக்கு அனுப்பும், லேசர் விழுந்தால் அந்த இடம் மட்டும் பொசுங்கி ஓட்டையாகும், லேசர் அதன் வழியாகப் போய்ப் பின்னால் இருக்கும் கருப்புக் கட்டையில் முட்டிக்கொள்ளும். இதையெல்லாம், அந்த முப்பதையும் சேர்த்து, எண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்த நோட்டில்தான் எழுதினேன், அதே பக்கத்தில் பாயைப் பற்றியும், காசிமேட்டில் மீன் ஏலம் விடவேண்டிய வாய், வழி தவறித் திருவொற்றியூருக்கு வந்துவிட்டது என்று. இந்தக் கேமராவும் செத்தால் என் வேலை போகும்.

“இன்னாடி, கல்யாணப் பொண்ணாட்டம் தலைய குனிஞ்சிகினு கீற?” என்று கூட வேலை பார்க்கும் ராமசெல்வி அக்கா இடித்தாள், பாய் பொத்தானை அழுத்தினார், டிக், அவ்வளவுதான், திரையில் எதிர்ச்சுவர்க் காலண்டர் தெரிகிறது, இன்னும் தெரிகிறது, ஏழாம் தேதி மேல் மட்டும் கடுகளவு கருப்புப் புள்ளி, பூச்சு பொசுங்கிய இடம். “ஐயே, கேமரா உசுரோட கீதுடி!” அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், யாரோ சத்தமாகச் சிரிக்கிறார்கள், நான்தான், என் சிரிப்பு இவ்வளவு பெரியதா? இனி பாய் ஆரம்பிப்பார், சாயங்காலம் வரை நிறுத்தமாட்டார் என்று பார்த்தால்... கண்ணாடியை எடுத்து ஓட்டை வழியே என்னைப் பார்த்தார், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார், அட்டையிலிருந்த நூறை அடித்துவிட்டு முப்பது என்று எழுதினார். முப்பதா? பூசும்போது கனம் காட்டும் மீட்டரைப் பார்த்தது நான் மட்டும்தானே, அந்த எண் வேறெங்கும் இல்லையே, எண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் இருக்கும் நோட்டைத் தவிர... அப்படியென்றால் தெரிந்தேதான் மேசையில் ஏற்றினாரா, அப்படியென்றால் அந்த ஏலக்காரர் வரியையும்... பாய் அட்டையை என் கையில் வைத்தார், செருப்பை மாட்டினார், ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய்விட்டார்.