பேஸ்டிங் செக்‌ஷன் பெண்கள்

மாதனூரில் கம்பெனி பஸ் ஏறும்போது இன்னும் விடிந்திருக்கவில்லை. ஏழு மணிக்கெல்லாம் கிறிஸ்டினா ஷூவின் அடியில் பசை தடவிக்கொண்டிருந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறி நெற்றிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காற்றை வெளியே இழுக்கிற பேன் நின்று இரண்டு மாதமாகிறது. மேனேஜர் அறை ஏசி ஒருநாளும் நின்றதில்லை.

அவள் அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படித்தாள். பிரெஞ்சுப் புரட்சியையும் ரஷ்யப் புரட்சியையும் ஒப்பிட்டு, அவற்றில் சமூக ஏற்றத்தாழ்வுக்கு இருந்த பங்கை விளக்கிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. படித்ததையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேஜை அம்பரீனிடம் சொல்வாள். பாரிசில் ரொட்டி கிடைக்காத பெண்கள் மழையில் நனைந்தபடி அரண்மனைக்கு நடந்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, ரஷ்யாவில் மில் பெண்கள் அதே ரொட்டிக்காகத் தெருவில் இறங்கினார்கள்.

அம்பரீன் ஒருநாள் கேட்டாள்: "மேல கீழன்றது எப்பவும்தான் இருக்குது. அத்தனை வருஷம் பொறுத்துக்கினு இருந்தவங்க, அன்னிக்கு மட்டும் ஏன் கிளம்பினாங்க?"

புத்தகத்தில் நாலு காரணம் போட்டிருந்தது. கிறிஸ்டினாவுக்கே அதில் ஒன்றும் திருப்தியாக இல்லை.

செவ்வாய்க்கிழமை அம்பரீன் பசை டப்பாவோடு சரிந்தாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. வாசலில் கார் நின்றது. ஷூ ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையரைக் கூட்டிவரப் போக வேண்டிய கார் என்று மேனேஜர் செந்தில்குமார் தர மறுத்தார். ஆட்டோ வர அரைமணி ஆயிற்று. அதுவரை கிறிஸ்டினா அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுதி முடித்த கட்டுரை பைக்குள் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு அவளால் அந்தக் காரின் கதவைக்கூடத் திறக்க முடியவில்லை.

மூச்சு சீராக நாளாகும் என்றார் டாக்டர். அம்பரீன் இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சாயந்திரமே கம்பெனி சொல்லியனுப்பியது. திரும்பும் பஸ்ஸில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் அம்பரீன் மேஜையில் பூர்ணிமா என்ற புதுப்பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரத்தில் அவளும் இரும ஆரம்பித்தாள். இருபது வருஷமாக அங்கே வேலை செய்யும் மரியம்மாள் அந்த இருமலைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தாள். முன்கூட்டிப் பேசி வைத்தது ஒன்றுமில்லை. பூர்ணிமாவைத் தவிர மற்ற எல்லாப் பெண்களும் பின்னாலேயே போய் ஆபீஸ் வாசலில் நின்றார்கள்.

"நீ படிச்ச பொண்ணு, கிறிஸ்டினா," என்றார் செந்தில்குமார். "பையர் உள்ள இருக்கார். இவங்களுக்கு எடுத்துச் சொல்லி இட்டுனு போ."

"பேன் ஓடணும் சார். அம்பரீனுக்கு வைத்தியம் பார்க்கணும், அவ வேலை அவளுக்கே இருக்கணும்."

"இந்த வேலைக்கு வெளிய நூறு பேர் நிக்கறாங்க. தெரியுமில்ல?"

தெரியும். எல்லாருக்கும் தெரியும். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். வெயில் ஏறியது. எவ்வளவு நேரம் நிற்பது, நின்றால் என்ன கிடைக்கும், ஒருத்திக்கும் தெரியவில்லை.

பூர்ணிமா வெளியே வந்தாள். கையில் பசை இன்னும் காயவில்லை.

"எனக்கு இந்த வேலை ரொம்ப அவசியம்க்கா," என்றாள். சொல்லிக்கொண்டே வந்து கிறிஸ்டினாவின் பக்கத்தில் நின்றாள்.