மூன்று கிலோ மணல் பை

எட்டுமாடியின் அறைச் சாவி இருபத்திரண்டு நாளாகத் தம்பியின் சட்டைப் பையில் கிடந்தது. சட்டை மாற்றும்போதெல்லாம் சாவியையும் மறக்காமல் எடுத்து மாற்றிக்கொண்டான். தன் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிற ஆள், இதில் மட்டும் கண்ணும் கருத்துமாக இருந்தான்.

எட்டுமாடி என்பது கட்டட வேலையில் அவளுக்கு விழுந்த பெயர். நாற்பத்தோரு வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள். ஒரு தடவை எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சிக்குக் கலவைச் சட்டியோடு நடுவில் எங்கும் நிற்காமல் ஏறிவிட்டாள் என்று மேஸ்திரி வைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. வேறெங்கும் அதற்கு வேலையில்லை. வயது எழுபத்தொன்று. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சுமந்த சுமையில் தம்பியைப் படிக்க வைத்தாள். அவன் ஆபீஸ் வேலைக்குப் போய், அதிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டான். அவள் மட்டும் லிப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஒற்றை அறையில், தன் பாட்டுக்கு இருந்தாள். மொத்தம் ஐம்பத்து நான்கு படி. தினமும் இரண்டு தடவை ஏறி இறங்குவாள்.

போன மாதம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி இடுப்பு தரையில் அடித்தது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பக்கம் முழுக்கக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போனதோடு சரி. ஆனால் தம்பி வந்தான், துணிமணியைப் பையில் திணித்தான், அறையைப் பூட்டினான், அவளைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான்.

அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரும் தன் பங்குக்கு ஒரு குண்டு போட்டார். "மாடி ஏறி இறங்கலாம்னு டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள் கொண்டுவரட்டும். இல்லேன்னா மாசக் கடைசியில காலி பண்ணிடட்டும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எல்லாரும் என் சட்டையத்தான் பிடிப்பாங்க."

"அவர் சொல்றதும் நியாயம்தானே அக்கா," என்றான் தம்பி. அவன் முகத்தில் நிம்மதி அப்பட்டமாகத் தெரிந்தது.

அவன் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை. டம்ளரை எடுத்தால் தம்பி பொண்டாட்டி ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். சாப்பிட்ட தட்டைக் கழுவ விடவில்லை. குளியலறைக் கதவைத் தாழ் போடக் கூடாது. வெளியே தம்பி இருமிக்கொண்டு நின்றான். எழுந்தால் "பாத்துக்கா", நடந்தால் "பாத்துக்கா", திரும்பினால் "பாத்துக்கா". நாற்பத்தோரு வருஷம் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொண்ட கால்கள், இப்போது எங்கே வைக்கட்டும், எப்படி வைக்கட்டும் என்று ஒவ்வொரு அடிக்கும் அவளைக் கேட்டன. தூக்கம் பாதியில் கலைந்தது. ஒரு காரணமும் இல்லாமல் நெஞ்சு படபடத்தது. காலையும் மாலையும் தம்பி அவள் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தான்.

"நூத்தி அறுபது. பாத்தியா?"

"நீ அந்த மிஷின எடுத்தாலே எனக்கு ஏறுது. எங்கே, உன் கையில சுத்து பாப்போம்."

அவன் சுற்றவில்லை. அவனே பிரஷருக்கு இரண்டு மாத்திரை போடுகிற ஆள்.

இருபத்து மூன்றாம் நாள் தம்பி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். மாடி ஏறத் தாள் கொடுக்கிற வேலை பிசியோ டாக்டருடையது. இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். நீளமான கூடம். ஒரு சுவர் பூராவும் கண்ணாடி, நடுவில் பிடித்து நடக்க இரட்டைக் கம்பி, மூலையில் ஒரு பெரியவர் நகராத சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தார். அலமாரியில் மணல் பைகள், கிலோ எழுதி அடுக்கியிருந்தன.

கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்திருக்கச் சொன்னாள் பிசியோ. எழுந்தாள். பிடியை அளக்கிற கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னாள். அழுத்தினாள். பிசியோ முள்ளை இரண்டு தடவை பார்த்தாள்.

"என்ன வேலைம்மா பாத்தீங்க?"

"இந்த மாதிரி ஏழெட்டு ஆஸ்பத்திரிக்குக் கல்லு சுமந்தேன்."

பிறகுதான் அந்த மஞ்சள் கோடு வந்தது. தரையில் ஒட்டியிருந்தது. குதிகாலும் விரல் நுனியும் தொடுகிற மாதிரி அதன் மேல் பத்து அடி நடக்க வேண்டும். நாலாவது அடியில் கோட்டை விட்டு விலகினாள். மறுபடி நடந்தாள். மூன்றாவதிலேயே உடம்பு ஆடியது.

"பாத்துக்கா, பாத்து," என்றான் தம்பி.

மூன்றாம் தடவை ஐந்தாவது அடியில் தட்டுத் தடுமாறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் சொன்னேனே டாக்டர்," என்றான் தம்பி. குரலில் சந்தோஷம் இல்லை. ஆனால் வருத்தமும் இல்லை.

பிசியோ பேனாவை மூடினாள். "தனியா மாடி ஏறலாம்னு இப்ப நான் எழுத முடியாதும்மா. ரெண்டு மாசம் பயிற்சிக்கு வாங்க. அப்புறம் பாக்கலாம்."

"மாசம் முடிய ஒன்பது நாள்தான் இருக்கு. அதுக்குள்ள என் சாமான் தெருவுக்கு வந்துடும்."

"எதுக்குக்கா தெருவுக்கு வரணும்? நம்ம வீட்டுலதான் எடம் இருக்கே."

எட்டுமாடி கம்பியிலிருந்து கையை எடுத்தாள். எதிரே கண்ணாடியில் ஒருத்தி நின்றாள். தாடை நெஞ்சில் ஒட்ட, கழுத்து தொங்க, தோடு தொலைத்தவள் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாரத்தில் இப்படி நடக்கிற ஆளைக் கண்டால் மேஸ்திரி அந்த நிமிஷமே கீழே இறக்கிவிடுவார். காலைப் பார்த்து நடக்கிறவர்கள்தான் பலகையிலிருந்து விழுவார்கள். இது சித்தாள் வேலைக்கு வந்த முதல் நாளே அவளுக்குத் தெரிந்த சங்கதி. இருபத்திரண்டு நாளில் அதை மறக்கடித்துவிட்டார்கள்.

"டாக்டரம்மா, நான் வெறுந்தலையோட நடந்து பழகல. தலையில பாரம் குடுங்க. அந்த மணல் பை போதும்."

"என்னது?"

"அக்கா, ஊர் முன்னாடி மானத்த வாங்காதே."

"உன் மானம் என் சாவிக்குப் பக்கத்துலதான் கிடக்கு. பத்திரமா இருக்கும்."

சைக்கிள் பெரியவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்.

பிசியோ லேசில் மசியவில்லை. கழுத்து எலும்பை அழுத்திப் பார்த்தாள். இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்றாள். கை மரத்துப்போகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டாள். கடைசியில் அரை மனதாக, "மூணு கிலோ. அதுக்கு மேல ஒரு கிராம் கேக்கக் கூடாது. நான் பக்கத்துலயே வருவேன்," என்றாள்.

"வா. ஆனா கையப் பிடிக்காத."

தம்பியின் தோளிலிருந்த துண்டை உருவினாள். இரண்டு முறுக்கு, ஒரு சுற்று, நுனியை உள்ளே செருகு. கை அதுவாகச் செய்தது. வட்டமாகச் சும்மாடு தலையில் உட்கார்ந்தது. அதன் மேல் மணல் பை. மூன்று கிலோ என்பது கலவையைக் கொட்டிய பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் அது போதுமாக இருந்தது. கழுத்து எழுந்தது. தோள் இறங்கியது. மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. இனி நினைத்தாலும் தரையைப் பார்க்க முடியாது. எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. கோடு காலடியில் இருந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. சைக்கிள் சத்தம் நின்றுபோயிருந்தது. ஆறாவது அடியில் தம்பி வாயைத் திறந்தான்.

"வாய மூடு," என்றாள், திரும்பாமல்.

பத்து அடியும் முடிந்தது. யாரும் சொல்லாமலே திரும்பி, வந்த வழியே பத்து அடி நடந்தாள்.

பிசியோ பையை இறக்கிவிட்டு, "இப்ப தலையில இருக்கிறதா நெனச்சுக்கிட்டு நடங்க," என்றாள். எட்டு அடி வந்தது. ஒன்பதாவதில் ஆடியது.

"எட்டு," என்றான் தம்பி, ஏதோ பிடி கிடைத்த மாதிரி.

"நாலுலேருந்து எட்டு சார்," என்றாள் பிசியோ. "அரை மணி நேரத்துல."

பிறகு ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கூட்டிப்போனாள். வெறும் சும்மாட்டோடு, ஒரு கை கைப்பிடிக் கம்பியில், மூன்று மாடி ஏறி இறங்கினாள் எட்டுமாடி. பின்னால் வந்த பிசியோவுக்குத்தான் மூச்சு வாங்கியது. திரும்பி வந்து உட்கார்ந்து, மாடி ஏறலாம் என்று எழுதினாள். தாளில் துணைக்கருவி என்று ஒரு வரி இருந்தது. கைத்தடி, நடைச்சட்டம், மற்றவை. மற்றவையில் கொஞ்ச நேரம் பேனாவை நிறுத்திவிட்டு, 'மூன்று கிலோ மணல் பை' என்று எழுதினாள்.

"மேல இருக்கிறவங்க கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியலம்மா."

"தடி ஊனி நடக்கிறவனுக்கு எழுதறப்ப யாரும் கேக்கலையே. இத மட்டும் என்ன கேக்கறது."

"வாரத்துக்கு ரெண்டு நாள் பயிற்சிக்கு வரணும். வீட்டுல நீங்களா வெயிட்டக் கூட்டக் கூடாது. பஸ் முழுசா நின்ன பிறகுதான் இறங்கணும்."

"வர்றேன். இவன் கூட வரக் கூடாது."

தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து அவள் பின்னால் வெளியே வந்தான். படிக்கட்டருகே நின்று, தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"மறுபடி விழுந்தா?"

"எழுந்திருப்பேன். முடியலேன்னா உன்னைக் கூப்பிடுவேன். போன் இருக்கில்ல."

"உன்னை விட்டா எனக்கு யாருக்கா இருக்கா."

"இருக்கேனே. அதுக்குன்னு சட்டைப் பையில போட்டு வச்சுக்குவியா?"

அவன் கை சட்டைப் பையை நோக்கிப் போகவில்லை. அவளே விரலை விட்டுச் சாவியை எடுத்தாள். அவன் உடம்புச் சூடு அதில் இருந்தது.

"நீ தினமும் ஒரு தடவ போன் பண்ணு. ஆறாவது தடவ பண்ணா எடுக்க மாட்டேன்."

"ஒரு தடவைன்னுதானே சொன்ன?"

"உன்னைப் பத்தித் தெரியாதா எனக்கு."

தம்பி வீட்டில் துணிப் பையை எடுத்துக்கொண்டு இருவரும் அவள் கட்டடத்துக்குப் போனார்கள். வீட்டுக்காரர் வாசலில் நின்று தாளை இரண்டு தடவை படித்தார். "மணல் பையா?"

"ஆமா. ஏறட்டுமா, இல்ல நீங்க தூக்கிட்டுப் போறீங்களா?"

அவர் ஒதுங்கி வழிவிட்டார். தம்பி துணிப் பையை எடுக்கக் குனிந்தான். அவள் முந்திக்கொண்டாள். துண்டைச் சுற்றித் தலையில் வைத்து, அதன் மேல் பையை ஏற்றினாள். இருந்தால் இரண்டு கிலோ இருக்கும். ஒரு கையால் கைப்பிடிச் சுவரைத் தொட்டபடி ஏறினாள். இடுப்பில் அந்தப் பழைய அடி ஒவ்வொரு படிக்கும் சுருக்கென்றது. சுருக்கென்றால் என்ன என்ற நினைப்போடு ஏறினாள்.

முப்பத்தாறாவது படியில், இரண்டாம் மாடியில், பின்னால் வந்த காலடிச் சத்தம் நின்றது. தம்பி சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவது கேட்டது.

"அக்கா, பாத்து," என்றான் கீழேயிருந்து.

"நீ உக்காந்துட்டு மெதுவா வா," என்றாள். குனிந்து பார்க்கவில்லை. இன்னும் பதினெட்டுப் படி இருந்தது. சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு ஏறினாள்.