முற்றத்துக்கு அடியில் ஒரு குழாய்

நாச்சியம்மை ஆச்சிக்குக் கை ஒடிந்தது மழையால் அல்ல, கக்கூஸ் இருந்த இடத்தால். கண்டனூரில் அந்த வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் போய் முடிகிறது. அவளுடைய அறை முற்றத்தைச் சுற்றி ஓடும் முன்பக்கத்து வளவில். கக்கூஸோ வீட்டின் கடைசிக் கட்டுக்கும் பின்னால், கிணற்றடிக்கு அந்தப் பக்கம். ஐப்பசி மழையில் பாசி வழுக்கி விழுந்தவள், பால்காரர் வந்து குரல் கொடுக்கும் வரை அங்கேயே கிடந்தாள். கட்டுப் போட்டுக்கொண்டு வந்ததும் முதல் வேலையாகக் காரைக்குடியிலிருந்து பிளம்பர் வேல்பாண்டியை வரச் சொன்னாள்.

கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படைப்புப் போடவும் வந்து இறங்கி, தூணைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது அரண்மனை. அரண்மனையில் ஓர் அவசரத்துக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பது வருஷம் முழுக்க அதில் தனியாகக் கிடப்பவளுக்குத்தான் தெரியும்.

அறைக்குள்ளே ஓர் உள்ளறை உண்டு. அவளுடைய சீர்ச் சாமான்கள் அடைந்து கிடந்த இடம். கணவர் இராமு போனபிறகு அதை யாரும் திறக்கவில்லை. சாமான்களை ஒதுக்கியதும் வேல்பாண்டி தரையில் சாக்கட்டியால் கோடு போட்டார். இங்கே கம்மோடு, அங்கே ஷவர், பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு கம்பி. அதுவரைக்கும் சுலபம். கழிவுக் குழாய் எந்த வழியாக வெளியேறுவது என்பதில்தான் வம்பு.

"நேரா முற்றத்துக்கு அடியில கொண்டுபோனா தண்ணி ஓட ஒரே வாட்டம் ஆச்சி. பின்னாடி தொட்டி வரைக்கும் எங்கயும் திரும்பாது, அடைக்காது."

"முற்றம் பொதுவுல்ல? கொழுந்தனாருக்கும் பங்கு இருக்கு. வேற வழி சொல்லு."

"சுவரைத் துளைச்சுச் சந்துல இறக்கலாம். சந்து உங்க பாகம்தான். ஆனா நாலு இடத்துல எல்போ வச்சுத் திருப்பணும், வாட்டமும் பத்தாது. அப்பப்ப அடைச்சுக்கிட்டு நிக்கும், கம்பி விட்டுக் குத்தணும்."

அடைத்தால் அடைத்துவிட்டுப் போகிறது, பங்காளியோடு மல்லுக்கு நிற்க வேண்டாம் என்று நினைத்தாள் நாச்சியம்மை. "சந்து வழியாவே போடுப்பா" என்றாள். முறைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே என்று கோயம்புத்தூரில் இருக்கும் கொழுந்தனார் நாராயணனுக்குப் போனும் செய்தாள். செய்திருக்க வேண்டாம். மறுநாளே அவருடைய கார் வாசலில் வந்து நின்றது. கை ஒடிந்தபோது வராத கார்.

"என்ன அண்ணமிண்டி இது?" அண்ணன் மனைவியின் கைக்கட்டைப் பார்க்காமல் தரையில் இருந்த கோட்டைப் பார்த்துக் கேட்டார் நாராயணன். "சாமி வீடு இருக்கிற வளவுக்குள்ள கக்கூஸா? படைப்புக்கு வர்ற பங்காளிக காறித் துப்ப மாட்டாகளா?"

"உங்க பிளாட்டுல பூஜை ரூமுக்கு அடுத்தது என்ன தம்பி?"

"அது பிளாட்டு. இது பாட்டையா கட்டின வீடு."

"மனுசங்க இருக்கத்தான கட்டினாக?"

நாராயணன் குரலைத் தாழ்த்தி, நல்லது சொல்கிறவர் மாதிரி ஆரம்பித்தார்.

"ஒத்த ஆளுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வேலை? கிணத்தடியில இருக்கிறதுக்கே தகரம் போட்டுத் தாரேன். அண்ணன் இருந்து கேட்டிருந்தா அது வேற. இப்ப நீங்க அரைப் புள்ளிதான?"

அது அவர்களுடைய கோயில் கணக்கு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் மிஞ்சுகிறவர் அரை. வரி எழுதுவதற்கு வைத்த கணக்கு என்பதால் நாச்சியம்மை அதை ஒருநாளும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. இன்று அதையே கக்கூஸ் வாசலில் வைத்துக் கேட்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மழையில் விழுந்து கிடந்த அன்றைக்குக்கூட இப்படி வலிக்கவில்லை.

"அரைப் புள்ளின்னா பாதி தூரம் நடந்தாப் போதுமா தம்பி?"

"அதுக்குச் சொல்லல..."

"விளக்கேத்துறது முழு வீட்டுக்கும். கரையான் தட்டுறது முழு வீட்டுக்கும். அதுல அரை போதும்னு ஒருத்தரும் சொன்னதில்லையே."

"என்ன இருந்தாலும் நான் சம்மதிக்க மாட்டேன்."

"சம்மதம் கேக்கல. சேதி சொன்னேன்." வேல்பாண்டி பக்கம் திரும்பினாள். "சந்து வேணாம்ப்பா. முற்றத்துக் கல்லைப் பேத்து, நேராவே கொண்டுபோ."

"ஆச்சி, அது பொதுன்னு நீங்கதான..."

"பொதுதான். அப்ப எனக்கும் உண்டுல்ல?"

நாராயணன் முகம் கறுத்துவிட்டது. "பங்காளிக கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"அரைப் புள்ளி முழுக் குழாய் போட்டுட்டான்னு சொல்லுங்க."

நாச்சியம்மை முற்றத்தில் இறங்கினாள். நல்ல கையால் சாக்கட்டியை வாங்கி, குனிந்து, கல்லின் மேல் தானே கோட்டை இழுத்துக்கொண்டு போனாள். முதுகு வலித்தது, நிற்கவில்லை. கோடு, முற்றத்தில் இறங்கி மறித்து நின்ற நாராயணனின் காலுக்கு முன்னால் வந்து நின்றது.

"கொஞ்சம் தள்ளிக்கிருங்க தம்பி" என்றாள், நிமிராமலே.

அவர் தள்ளிக்கொண்டார்.