ரப்பர் கை

ஆண்டிமடத்தில் பஸ் ஏறியதிலிருந்து ஆர்த்தி அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் பக்கமே முகம். பேசாவிட்டால் போகட்டும், யாருக்கு நஷ்டம் என்று சாந்தாவும் விறைப்பாகவே உட்கார்ந்திருந்தாள். மெடிக்கல் லேப் படிப்புக்கு கவுன்சிலிங்கில் மதுரை அரசுக் கல்லூரி கிடைத்துவிட்டதாம், மகாராணி போயே தீருவாளாம். முன்பின் தெரியாத ஊர், ஹாஸ்டல் சோறு, ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் ஓடுவது? இந்தப் பெரம்பலூர் கல்லூரி என்றால் காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்பலாம். பார்த்து வைத்தது யாரோ எவரோ இல்லை, கூடப்பிறந்த அண்ணன் பாலசுந்தரம், பள்ளிக்கூட வாத்தியார். ரிசல்ட் வந்த வாரமே வந்து, "ஒரிஜினல் சர்ட்டிபிகேட்ட எல்லாம் குடு சாந்தா, சீட்டப் புடிச்சு வைக்கிறேன்" என்றார். மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அதற்குத்தான் இவள் இத்தனை நாளாக மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

மதுரையில் சேர நாளைதான் கடைசி நாள். அந்தச் சர்ட்டிபிகேட் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. அது தெரிந்துதான் சாந்தா மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். கல்லூரியைக் கண்ணால் பார்த்தால் பிடிவாதம் இறங்கிவிடும் என்று நினைத்தாள்.

கட்டடம் என்னவோ கல்யாண மண்டபம் மாதிரி ஜோராகத்தான் இருந்தது. பாலசுந்தரம் வாசலிலேயே காத்திருந்தார். வாட்ச்மேனிலிருந்து கல்லூரி முதல்வர் மேடம் வரை அவருக்கு வணக்கம் வைத்தார்கள். சாந்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மேடமே லேபுக்குக் கூட்டிப்போனார். வரிசையாக மைக்ரோஸ்கோப், எல்லாவற்றுக்கும் உறை. மேசை மேல் தோளோடு வெட்டி வைத்ததுபோல ஒரு ரப்பர் கை.

"இங்க ஆஸ்பத்திரி எங்க மாமா இருக்கு?" என்றாள் ஆர்த்தி.

"அதெல்லாம் வெளிய பேசி வச்சிருக்காங்க. நீ ஏன் கொடஞ்சு கொடஞ்சு கேக்குற?"

"பேஷண்ட்டே வராத எடத்துல யார்கிட்ட ரத்தம் எடுத்துப் பழகுறது?"

சபையில் இப்படியா கேட்பது! சாந்தாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவள் வாயை இங்கேயே அடைக்க வேண்டும். "மேடம், நான் சுகர்காரி. எத்தனயோ குத்து வாங்குன கை இது. உங்க புள்ளயள விட்டு எடுத்துக் காட்டச் சொல்லுங்க. இவ கண்ணால பாக்கட்டும்" என்று ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேடம் தயங்கினார். "அட, கூப்பிடுங்க மேடம்" என்றார் பாலசுந்தரம். கடைசி வருஷத்துப் பெண் ஒருத்தி வந்தாள். சமீரா என்று பெயர், பக்கத்து ஊரான லப்பைக்குடிகாட்டுப் பிள்ளை. ரப்பர் குழாயைக் கட்டினாள், தடவினாள், குத்தினாள். ரத்தம் வரவில்லை. ஊசியை உள்ளேயே திருப்பியபோது சாந்தாவுக்கு உயிர் போயிற்று. இன்னொரு இடத்தில் குத்தினாள். அங்கே நெல்லிக்காய் அளவுக்கு வீங்கி நீலம் பாரித்தது.

சமீரா குனிந்து பஞ்சை வைத்து அழுத்தினாள். கண் நிறைந்திருந்தது. "மன்னிச்சுக்குங்கம்மா. ஆஸ்பத்திரிக்கு அனுப்புறோம் அனுப்புறோம்னே மூணு வருசத்த ஓட்டிட்டாங்க. ரப்பர் கையிலதாம்மா குத்தியிருக்கேன்."

"சமீரா! க்ளாஸுக்குப் போ!" மேடத்தின் குரல் கிழிந்தது.

"அந்தப் பொண்ணு என்ன செய்யும்? இவ நரம்பு அப்படி" என்றார் பாலசுந்தரம், சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பில்தான் சாந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அரியலூர் பெரியாஸ்பத்திரில ஒரே குத்துல எடுக்குறாங்கண்ணே. அங்க மட்டும் என் நரம்பு நல்லாருக்கா? எம் புள்ள சர்ட்டிபிகேட்ட வாங்கிக் குடு."

"ஒரிஜினல் எல்லாம் கரஸ்பாண்டன்ட் சார்கிட்ட இருக்கு. அவர் ஊர்ல இல்ல. திங்கக்கிழம வாங்க" என்றார் மேடம்.

"நாளைக்குக் கடைசி நாளு!"

"சேர்ந்தாச்சுல்ல, அப்புறம் என்னம்மா?"

பாலசுந்தரம் அவள் காதருகே வந்து பல்லைக் கடித்தார். "ஏண்டி என் மானத்த வாங்குற? எத்தன புள்ளைங்கள நான் இங்க கொண்டாந்து சேத்திருக்கேன்!"

வாட்ச்மேன் வைத்த வணக்கத்துக்கு அர்த்தம் இப்போதுதான் விளங்கியது. பிள்ளை பிடித்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். "கூடப்பொறந்தவ புள்ளயையுமா அந்தத் தலைக்கணக்குல சேத்த?" என்று கத்தினாள். மேடம் ஆளைக் கூப்பிடப் போவதாக மிரட்டினார். சாந்தா நாற்காலியை வாசலுக்கு நேராகத் திருப்பிப் போட்டு அழுத்தமாக உட்கார்ந்தாள்.

"யார வேணா கூப்புடுங்க. சர்ட்டிபிகேட் வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

பாலசுந்தரம் கரஸ்பாண்டன்ட்டைக் கூப்பிடச் செல்போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஆர்த்தி வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, வீங்கிய கையைத் தன் மடியில் வைத்துப் பஞ்சை அழுத்திப் பிடித்தாள்.

சமீரா இன்னும் போகாமல் சுவரோரம் நின்றிருந்தாள். சாந்தா அவளைப் பார்த்தாள். பிறகு மற்ற கையை நீட்டினாள்.

"வா பாப்பா. சும்மாதான உக்காந்திருக்கேன். இதுல குத்திப் பழகு."