ஊரா, காலனியா

சுஜாதா மலேசியாவில், கிள்ளானுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். பொறியியல் படிக்க மறைமலைநகர் பக்கம் ஒரு தனியார் கல்லூரிக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு இந்தியாவில் ஒருவரையும் தெரியாது. விடுதி அறையில் விஷாகாவும் ரக்ஷாவும் கிடைத்தார்கள். விஷாகா திருக்கழுக்குன்றத்துப் பெண். அப்பாவுக்குக் கோயில் அலுவலகத்தில் வேலை. ரக்ஷா வீட்டில் செங்கல்பட்டில் லாரி வைத்திருந்தார்கள், கிராமத்தில் நிலமும் இருந்தது.

காலையில் சாப்பிடக் கூப்பிடும்போது சுஜாதா மலேசியத் தமிழில் "பசியாறப் போகலாமா?" என்று கேட்டால் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தீபாவளிக்குள் அவர்களும் அப்படியே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது விஷாகாதான் கஞ்சி வாங்கி வந்து ஊட்டினாள். அவள் சாப்பிட்டு வைத்த மிச்சத்தையும் குடித்தாள்.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பரீட்சை முடிந்த சனிக்கிழமை, மூவரும் ரக்ஷாவின் அப்பா ஏற்பாடு செய்த வேனில் கடற்கரைப் பக்கம் புறப்பட்டார்கள். முட்டுக்காட்டில் படகு, ராத்திரிக்கு மாமல்லபுரம், ஞாயிற்றுக்கிழமை கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை, திரும்பும் வழியில் விஷாகா வீட்டில் சாப்பாடு. போனில் இதைச் சொன்னதும் சுஜாதாவின் அப்பாவுக்குக் குரலே மாறிவிட்டது. அது தாத்தாவின் ஊர்ப் பக்கம் என்றார். தாத்தா சடையப்பன் சின்ன வயதிலேயே கப்பலேறியவர். அப்பா அந்த ஊரைப் பார்த்ததில்லை. எப்போதோ போய்வந்த உறவுக்காரர் ஒருவர் ஊர்ப் பெயரைச் சொல்லி, அங்கே காலனியில் நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். அவ்வளவுதான் அவருக்கும் தெரியும். முடிந்தால் பார்த்துவிட்டு வா என்றார்.

சனிக்கிழமை நன்றாகப் போயிற்று. படகில் ரக்ஷா பயத்தில் சுஜாதாவின் கையைக் கடைசி வரை விடவில்லை. மாமல்லபுரத்தில் லாட்ஜ் அறையில் இரண்டு கட்டில்களையும் சேர்த்துப் போட்டு மூவரும் படுத்தார்கள்.

ஞாயிறு காலை, கோட்டைக்குத் திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால், தாத்தாவின் ஊர் வந்தது. வேன் ஓட்டிய தாவீது ஒரு டீக்கடையில் நிறுத்தினார். மூவரும் இறங்கி டீ குடித்தார்கள். சுஜாதா கடைக்காரரிடம் சடையப்பன் குடும்பத்தைப் பற்றி விசாரித்தாள்.

"எந்த சடையப்பன்மா? ஊரா, காலனியா?" என்று அவர் கேட்டார்.

செங்கல்பட்டில் ரயில்வே காலனி இருந்தது, ஆசிரியர் காலனி இருந்தது. விஷாகாவின் சித்தப்பாவே ஏதோ ஒரு காலனியில்தான் வீடு கட்டியிருந்தார். சுஜாதா சந்தோஷமாகவே சொன்னாள்.

"காலனிங்க. அவரு என் தாத்தா."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நேராப் போ. குட்டைய தாண்டிக் கேளு" என்றார். அதுவரை வாங்க, உட்காருங்க என்று பேசிக்கொண்டிருந்தவர்.

சுஜாதா திரும்பிப் பார்த்தபோது விஷாகாவும் ரக்ஷாவும் வேனில் ஏறிவிட்டிருந்தார்கள். விஷாகாவின் டம்ளரில் பாதி டீ அப்படியே இருந்தது.

குட்டைக்கு அப்பால் வேன் போக வழியில்லை. இருவரும் தலைவலி என்று சொல்லி இறங்கவில்லை. சுஜாதா தனியாக நடந்தாள். கேட்ட முதல் வீட்டிலேயே விவரம் தெரிந்துவிட்டது. சடையப்பனின் தம்பி மகள் வேண்டா அங்கேதான் இருந்தாள். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான பெண்மணி. யாரென்று தெரிந்ததும் சுஜாதாவின் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள். அப்பாவின் உடல்நிலை, அம்மாவின் ஊர், கூடப்பிறந்தவர்கள் என்று விடாமல் கேட்டாள். உங்கப்பா ஒரு தடவை வந்து நின்றால் போதும், எனக்கென்று அண்ணன் என்று சொல்ல வேறு யார் இருக்கிறார்கள் என்று அழுதாள்.

பிறகு தோழிகளைப் பற்றிக் கேட்டாள். தலைவலி என்று வண்டியில் இருக்கிறார்கள் என்றாள் சுஜாதா.

"ரெண்டு பேருக்குமா?" என்றாள் வேண்டா.

எழுந்து போய்க் கடையில் கலர் சோடா வாங்கி வந்தாள். பாட்டில்களைச் சுஜாதா கையில் கொடுத்து, மூடியைக் கழற்றாமல் கொடுக்க வேண்டும், கடையில் வாங்கியது என்று சொல்ல வேண்டும் என்றாள். ஏன் அப்படிச் சொல்ல வேண்டும் என்று சுஜாதாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் அப்படியே சொல்லித்தான் கொடுத்தாள். ரக்ஷா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜில்லென்று குடித்தால் தொண்டைக்கு ஒத்துக்காது என்றாள் விஷாகா. பாட்டில்கள் வெயிலில் இருந்தவை, சூடாகவே இருந்தன.

திரும்பி வந்தவளிடமிருந்து வேண்டா பாட்டில்களை வாங்கிக் கீழே வைத்தாள். பக்கத்தில் உட்கார வைத்து, ஊர் என்றால் சாதிக்காரர்கள், காலனி என்றால் அவர்கள் ஒதுக்கி வைத்த நம் ஆட்கள் என்று மெதுவாகச் சொன்னாள். டீக்கடையில் எல்லார் எதிரிலும் ஏன் கேட்டாய், கோட்டை பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக வந்திருக்கக் கூடாதா என்று கோபித்துக்கொண்டாள்.

"இந்தப் பேஜாரே வாணாம்னுதான் ஒங்க தாத்தா கப்பல் ஏறுனாரு. நீ அத்தயே தேடிகினு வந்துகிறியே, கண்ணு."

கோட்டைக்குப் போனார்கள். இடிந்த சுவரையும் உப்பங்கழியையும் பார்த்தார்கள். விஷாகாவும் ரக்ஷாவும் முன்னால் நடந்தார்கள். சுஜாதா பின்னால் நடந்தாள். முந்தின நாள் வரை 'ஏண்டி', 'வாடி' என்று கூப்பிட்டவர்கள் அன்று அவளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. திரும்பும் வழியில், அம்மாவுக்குக் காய்ச்சலாம், சாப்பாட்டை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றாள் விஷாகா. தானும் ரக்ஷாவும் திருக்கழுக்குன்றத்தில் இறங்கிக்கொள்வதாகவும், வேன் சுஜாதாவை விடுதியில் விட்டுவிடும் என்றும் சொன்னாள்.

வேன் வீட்டு வாசலில் நின்ற உடனே விஷாகாவின் அம்மா சாவித்ரி வெளியே வந்தார். காய்ச்சல்காரர் போலத் தெரியவில்லை. தலைவாரிப் பூ வைத்திருந்தார். வேனுக்குள் எட்டிப் பார்த்து, ஏம்மா உள்ளேயே இருக்கிறாய், இலை போட்டாகிவிட்டது, இறங்கி வா என்றார். அவளுக்கு ஏதோ வேலை இருக்கிறதாம் என்று விஷாகா குறுக்கே சொன்னாள்.

அம்மாவிடம் ஒரு பொய், தன்னிடம் ஒரு பொய். இந்த அம்மாள் வேறு மாதிரி இருக்கலாம் என்று அவள் நினைத்தாள். அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

"வேலை ஒண்ணும் இல்லைங்க ஆன்ட்டி. காலையில எங்க தாத்தா ஊருக்குப் போனோம். அங்க காலனியில எங்க அத்தை இருக்காங்க. அதான்."

சாவித்ரி மகளைப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். வேன் கதவைப் பிடித்திருந்த கையை அவர் எடுத்துக்கொண்டார்.

"அப்படியா. சரி, இருட்டறதுக்குள்ள போய்ச் சேருமா" என்றார்.

அன்று ரக்ஷா மட்டும் அங்கே சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை விஷாகா வந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று சுஜாதா எதிர்பார்த்தாள். "எங்கம்மாகிட்ட ஏன் சொன்னே? வீட்ல எனக்கு எவ்வளவு பேச்சு தெரியுமா?" என்றுதான் கேட்டாள். அடுத்த வாரம் ஃபேன் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று வார்டனிடம் எழுதிக் கொடுத்து வேறு அறைக்குப் போனாள். ரக்ஷா அந்தப் பருவம் முடியும் வரை அதே அறையில் இருந்தாள். பேசுவாள்; ஆனால் சுஜாதாவின் தட்டில் கை வைக்க மாட்டாள். வகுப்பில் ஒவ்வொருவராக எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

அப்பா ஞாயிறு இரவே விடுதிக்குப் போன் செய்திருந்தார், அவள் எடுக்கவில்லை. புதன்கிழமை அவளே ஐஎஸ்டி பூத்துக்குப் போய்ப் பேசினாள். போனை எடுத்ததும் அப்பா கேட்டது ஊரைப் பற்றித்தான். யாராவது இருக்கிறார்களா, தாத்தா பெயரைச் சொன்னதும் தெரிந்ததா என்று ஆவலாகக் கேட்டார். சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கும், டிசம்பரில் வந்து நானும் பார்க்கிறேன் என்றார்.

"அங்க நம்ம ஆளுங்க யாரும் இல்லப்பா. எல்லாரையும் கேட்டுட்டேன்" என்றாள் சுஜாதா.

போனால் போகட்டும், நீ அலைந்ததுதான் மிச்சம் என்றார் அப்பா. ஃபிரண்ட்ஸ் எல்லாம் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றாள்.

மீதி மூன்று வருடமும் அவள் அங்கேதான் படித்தாள். கடப்பாக்கம் போகும் பஸ்கள் செங்கல்பட்டிலிருந்தே கிடைத்தன. அவள் ஒருமுறைகூட ஏறவில்லை. அண்ணன் வருவார் என்று வேண்டா அந்தக் காலனியில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.